அக்காவுக்கு ஒரு நெருப்பில்லா அடுப்பு

1

இந்த வருடம் எங்கள் வீட்டு அடுப்பு பொங்கலைப் பொங்க விடவில்லை. பால் நுரைத்து ஏறி விளிம்பைத் தொட்டது. என் மனைவி "பொங்க" என்று ஆரம்பித்தாள். அதற்குள் பால் வழிந்து, கண்ணாடிப் பலகையில் இருக்கும் தொடுபொத்தான்கள்மேல் ஓடியது. அடுப்பு பீப் பீப் என்று கத்திவிட்டு அணைந்துபோனது. மீதிச் சொல் அவள் வாயிலேயே நின்றுவிட்டது.

மகள் மலருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "பொத்தான்மேல் எதுவும் கொட்டினால் அணைந்துவிடும் அப்பா, புத்தகத்தில் போட்டிருக்கிறது" என்று ஜெர்மன் மொழியில் சொன்னாள். நாங்கள் தமிழில் கேட்போம், அவள் ஜெர்மனில் பதில் சொல்வாள். சண்டை போட்டுப் பார்த்து ஓய்ந்துவிட்டோம். பொங்கலுக்கு லீவு கிடையாது என்பதால் பாதி வெந்த அரிசியை அப்படியே இறக்கி வைத்துவிட்டு ஆளுக்கொரு பஸ் பிடித்து ஓடினோம். நல்ல பொங்கல்.

நாங்கள் இருப்பது ஜெர்மனியின் தென்பக்கத்தில், பனியும் தொழிற்சாலைகளும் தவிர வேறொன்றும் இல்லாத ஒரு சின்ன ஊர். அதே வாரத்தில் குடியுரிமை அலுவலகத்தில் எனக்கு நேரம் கொடுத்திருந்தார்கள். நான் போகவில்லை. போன தடவையும் காய்ச்சல் என்று சொல்லித் தட்டிக் கழித்தேன். எல்லாம் சரியாக இருக்கிறது, இந்தியப் பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் வேலை முடிந்தது என்கிறார் அந்த அலுவலகத்து அம்மாள். அந்த ஒன்றைத்தான் என்னால் செய்ய முடியவில்லை. மனைவி கோபப்படுகிறாள். "அது ஒரு சின்னப் புத்தகம்தானே" என்கிறாள் மகள். ஊரில் இருப்பவர்களுக்காவது விளங்கும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

2

எண்பதுகளின் நடுவில் அம்பத்தூர் எஸ்டேட் என்கிற தொழிற்பேட்டையில், பல்சக்கரங்களைக் கடினப்படுத்துகிற பட்டறை ஒன்றில் எனக்கு வேலை. அங்கே ஜெர்மனியிலிருந்து வந்த ஒரு மிஷின் இருந்தது. செம்புக் குழாயை வளையமாகச் சுருட்டி வைத்திருப்பார்கள். நடுவில் பல்சக்கரத்தை நிறுத்துவோம், குழாயை அது தொடாது. பொத்தானை அழுத்தினால் கண் மூடித் திறப்பதற்குள் இரும்பு செக்கச்செவேலென்று ஆகிவிடும். நெருப்பு எங்கும் இருக்காது. முதல் நாளே ஃபோர்மேன் என் கையைப் பிடித்து மோதிரத்தைக் கழற்ற வைத்தார். "சக்கரம் வேகறதுக்குள்ள உன் விரலு வெந்துடும்பா" என்றார்.

விஷயம் இவ்வளவுதான். சுருளில் ஓடும் மின்சாரம் நொடிக்குப் பல்லாயிரம் தடவை திசை மாறும். அது மாற மாற, சுற்றிலும் ஒரு காந்தப்புலம் எழுந்து எழுந்து அடங்கும். அதற்குள் இரும்பு இருந்தால், இரும்பின் உள்ளேயே மின்சாரம் சுழல ஆரம்பிக்கும். இரும்பு அதைச் சும்மா விடாது, மல்லுக்கட்டும். அந்த மல்லுக்கட்டில்தான் சூடு பிறக்கிறது. வெளியிலிருந்து யாரும் சூடு காட்டுவதில்லை. இதே வேலையைக் கண்ணாடிக்கு அடியில் தட்டையாகச் சுருட்டி வைத்துச் செய்தால் அதற்குப் பெயர் இண்டக்‌ஷன் அடுப்பு.

எங்கள் நைனா ஆவடியில் ராணுவத் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். குவார்ட்டர்ஸில் வீடு. அக்கா வசந்தாவைப் பூந்தமல்லியில் கொடுத்திருந்தோம். எவர்சில்வர், பித்தளை, இரும்பு என்று சீர் வைத்தோம். மண்ணெண்ணெய் பம்ப் ஸ்டவ்வும் அதில் ஒன்று. அதன் பித்தளைத் தொட்டியில் பாத்திரக் கடைக்காரர் புள்ளி புள்ளியாக 'வசந்தா' என்று பெயர் வெட்டிக் கொடுத்தார். கல்யாணத்தன்று வண்டியில் ஏற்றும்போது நான்தான் அதைக் கீழே போட்டுச் சொட்டை ஆக்கினேன். அதற்கு அக்கா என்னைத் திட்டிய திட்டு இன்னும் காதில் இருக்கிறது.

எனக்கு ஜெர்மனியில் பயிற்சி என்று கம்பெனியில் பேச்சு எழுந்து, நான் பாஸ்போர்ட்டுக்கு எழுதிப்போட்டிருந்த நேரம். பூந்தமல்லியிலிருந்து ஆள் வந்தது. "ஸ்டவ்வு வெட்சிடுச்சி. ஒடனே வாங்க."

ஆஸ்பத்திரியில் அக்காவின் கழுத்து, மார்பு, இரண்டு கைகள் எல்லாம் கட்டு. இன்ஸ்பெக்டர் வாக்குமூலம் எடுக்க வந்தார். அவர் வருவதற்கு முன்னால் நைனா மட்டும் உள்ளே போய்விட்டு வந்தார். என்ன பேசினீர்கள் என்று கேட்டேன். "தைரியம் சொன்னேன்" என்றார். இன்ஸ்பெக்டரிடம் அக்கா, ஸ்டவ் வெடித்துவிட்டது என்றாள். எழுதிக்கொண்டு போனார்கள்.

அக்கா பிழைத்தாள். ஆனால் பூந்தமல்லிக்குத் திரும்பிப் போகமாட்டேன் என்றாள். சீர்ப் பாத்திரங்களை வாங்கி வர நைனாவும் நானும் போனோம். அந்த மாமியார்க்காரி ஓர் இரும்பு தோசைக்கல்லையும் இரும்புச் சட்டியையும் கொண்டுவந்து வாசலில் வைத்தாள். மற்றதெல்லாம் புழக்கத்தில் இருக்கிறதாம், பிறகு தருகிறார்களாம். அவள் தோளுக்குப் பின்னால் சமையல்கட்டு தெரிந்தது. அங்கே பம்ப் ஸ்டவ் நீலமாக எரிந்துகொண்டிருந்தது, மேலே டீ கொதித்துக்கொண்டிருந்தது. தொட்டியில் நான் போட்ட சொட்டை. பக்கத்தில் 'வசந்தா'.

"வெட்சிடுச்சின்னீங்களே, இது இன்னா?" என்று கத்தினேன். தெருவே கூடிவிட்டது. அந்தப் பொம்பளை கூசாமல், "இது வேற" என்றாள். நைனா என் சட்டைக் காலரைப் பிடித்துத் தெருமுனை வரைக்கும் இழுத்துக்கொண்டு போனார்.

"நைனா, அது நம்ம ஸ்டவ்வு. அக்கா பேரு கீது அதுல."

"தெரியும். வாய மூடிகினு நட."

"போலீஸ்ல சொல்லலாம் வா."

"அதான் அவளே சொல்லிட்டாளே வெட்சிடுச்சின்னு. நீ யாரு கேக்கறதுக்கு?"

அடுத்த மாதம் பாஸ்போர்ட் விசாரணைக்குக் கான்ஸ்டபிள் குவார்ட்டர்ஸுக்கு வந்தார். அம்மா போட்டுக் கொடுத்த டீயைக் குடித்தார். "ஊட்ல கேஸு கீஸு ஏதும் கீதா?" என்று கேட்டார். "அதெல்லாம் ஒண்ணும் கிடையாது சார்" என்றார் நைனா. பாஸ்போர்ட் வந்தது. நான் விமானம் ஏறினேன். அக்காவின் புருஷன், அந்தப் பூந்தமல்லிக்காரன், அதே வருடம் இன்னொரு கல்யாணம் செய்துகொண்டான்.

3

இங்கே என்னை யாருக்கும் குமார் என்று தெரியாது. பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற இடத்தில், இனிஷியலாக இருந்த நைனா பெயரை விரித்துப் போட்டுவிட்டார்கள். அதனால் பட்டறையில், வங்கியில், பல் டாக்டரிடத்தில் எல்லாம் நான் ஹேர் ரங்கன், அதாவது மிஸ்டர் ரங்கன். காலையிலிருந்து மாலை வரை நைனாவின் பெயரைச் சொல்லி ஏதாவது ஒரு வெள்ளைக்காரன் என்னைக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறான். அவர் போய்ச் சேர்ந்த பிறகும் விடவில்லை. மகளுக்கும் அதுதான் குடும்பப் பெயர், அவள் பள்ளிக்கூடத்தில் மலர் ரங்கன். எனக்கு அவர்மேல் எவ்வளவு கோபம் என்று இவர்களுக்கு என்ன தெரியும்.

நைனா ஓய்வு பெற்றதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்துகொண்டு ஆவடிக்குப் பக்கத்தில் கோவில்பதாகையில் சின்னதாக ஒரு வீடு கட்டினார்கள். அவர் இறந்த பிறகு அங்கே அம்மாவும் அக்காவும் மட்டும். அக்கா எஸ்டேட்டில் ஒரு துணிக் கம்பெனியில் நூல் பிசிறு வெட்டும் வேலைக்குப் போய்வந்தாள். வேலையில் சுணக்கம் கிடையாது, வாயும் குறையவில்லை. ஆனால் நெருப்பு என்றால் முடிந்தது. அம்மா அடுப்பு பற்றவைத்தால் அவள் வாசலுக்குப் போய்விடுவாள். கோயிலில் தீபாராதனைக்கு மணி அடித்ததும் செருப்பைத் தேடுவாள். கார்த்திகைக்கு ஊரெல்லாம் விளக்கு வைக்கும்போது இவள் பின்கட்டில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். கேஸ் அடுப்பு வந்தும் பிரயோஜனம் இல்லை. அதிலும் நெருப்புதானே.

அம்மா டெலிபோன் பூத்திலிருந்து பேசும்போதெல்லாம் கடைசியில் இங்கேதான் வந்து நிற்பாள். "எனக்கு முட்டி போயிடுச்சி, கண்ணுல பொற வுழுந்துடுச்சி. நான் பூட்டா இவளுக்கு யார்டா சோறாக்கிப் போடுவா? ஒரு டீத்தண்ணி வெச்சிக் குடிக்க மாட்டா. பட்னியா கெடந்து செத்துடுவாடா."

இந்தப் புது வீட்டுக்குக் குடிவந்து, சமையலறையில் பதித்திருந்த அடுப்பைப் பார்த்த அன்றே எனக்கு அக்காவின் நினைப்புதான். அதே வகையில் மேசைமேல் வைக்கிற ஒற்றை அடுப்பு கடையில் இருந்தது. வாங்கிவிட்டேன். ஊருக்குப் போவதற்கு முன்னால் மலர், ஃப்ரிட்ஜில் ஒட்டுகிற கரடி பொம்மைக் காந்தம் ஒன்றை அத்தைக்கு என்று கொடுத்தனுப்பினாள். அத்தையிடம் போனில் பேசச் சொன்னால் மட்டும் வெட்கம், தமிழ் வராதாம்.

4

மீனம்பாக்கத்தில் சுங்க அதிகாரி பெட்டியைப் பிரித்தார்.

"இன்னா சார் இது?"

"அடுப்பு."

"கேஸா, கரண்டா?"

"கரண்டு."

"கம்பிச்சுருளு காணோமே."

"கண்ணாடிக்கு அடியில இருக்கு சார்."

"நெருப்பு எங்க வரும்?"

"நெருப்பு வராது."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நெருப்பு வராம சோறு எப்டி சார் வேகும்? இத்தினி வருசமா இங்க கீறேன், என்னாண்டயே கதையா?"

காந்தப்புலம், சுழல் மின்னோட்டம் என்று நானும் பொறுமையாக விளக்கினேன். காந்தம் என்றதும் அவருக்குச் சந்தேகம் கூடிவிட்டது. பெரிய அதிகாரியைக் கூட்டிவந்தார். பெரியவர் கண்ணாடியைத் தட்டிப் பார்த்தார், போட்டுக் காட்டு என்றார். ஜெர்மன் பிளக் அங்கே எந்தத் துளையிலும் நுழையவில்லை. கடைசியில் ஆடம்பரப் பொருள் என்று எழுதித் தீர்வை போட்டார்கள். பக்கத்தில் ஒருவர் வீடியோ டெக்கோடு சிரித்துக்கொண்டே வெளியே போனார். அக்கா பயமில்லாமல் ஒரு வாய் சோறு பொங்கிச் சாப்பிடுவது அரசாங்கத்துக்கு ஆடம்பரமாகத் தெரிந்திருக்கிறது. கட்டிவிட்டு வந்தேன்.

5

கோவில்பதாகை வீட்டில் மிக்சிக்கே ததிங்கிணத்தோம் போடுகிற வயரிங். எலக்ட்ரீஷியனைக் கூட்டிவந்து, கனமான வயர் இழுத்து, பெரிய பவர் பாயின்ட் வைத்து, எர்த்தும் சரிபார்த்து, பிளக்கை மாற்றினேன். எர்த் இல்லாமல் இந்த அடுப்பைத் தொடக்கூடாது. அம்மா நல்ல நேரம் பார்த்து, அடுப்பின் நெற்றியில் மஞ்சள் குங்குமம் வைத்தாள்.

பிறகுதான் வேடிக்கை. எந்தப் பாத்திரத்தை வைத்தாலும் அடுப்பு பீப் என்று கத்தி மறுத்தது. அலுமினியக் குண்டானை வைத்தேன், மறுத்தது. பித்தளைத் தவலை, மறுத்தது. எவர்சில்வரிலாவது ஒன்று எடுக்கும் என்று நினைத்தேன். பரணிலிருந்து ஒவ்வொன்றாக இறக்கி மலரின் கரடிக் காந்தத்தை வைத்துப் பார்த்தோம். கரடி ஒவ்வொன்றிலும் வழுக்கி விழுந்தது. காந்தம் ஒட்டாத பாத்திரத்தை இந்த அடுப்பு சூடாக்காது. ஊரில் கல்யாணத்துக்கு, காதுகுத்துக்கு, சீமந்தத்துக்கு என்று வாங்கிச் சேர்த்த எவர்சில்வர் எதிலுமே காந்தம் ஒட்டவில்லை. இது பட்டறையில் வேலை பார்த்த எனக்கு வாங்கும்போதே உறைக்கவில்லை. ஜெர்மனியில் எல்லாப் பாத்திரத்தின் அடியிலும் சுருள் முத்திரை போட்டு விற்கிறான், அந்த நினைப்பிலேயே வந்துவிட்டேன்.

"நல்லா வாங்கினு வந்தான் அடுப்பு" என்றாள் அக்கா வாசற்படியிலிருந்து. "துண்றதுக்குக் கேக்காது, பாக்கறதுக்கு வெச்சிக்கலாம்."

அம்மாதான் பரணின் கோடியில் கையை விட்டு, "இது எடுக்குமா பாரு" என்று தோசைக்கல்லை இழுத்தாள். பூந்தமல்லிக்காரி வேண்டாம் என்று வாசலில் தூக்கி வைத்த அதே கல். துரு ஏறியிருந்தது. கரடி டக்கென்று ஒட்டிக்கொண்டது, இழுத்தால்தான் வந்தது. இரும்புச் சட்டியிலும் ஒட்டியது, ஆனால் அதற்கு அடி உருண்டை, கண்ணாடியில் படியாது. மொத்தச் சீரில் அவர்கள் திருப்பிக் கொடுத்ததில் இந்தக் கல் ஒன்றுதான் உதவியது. நல்லதையெல்லாம் வைத்துக்கொண்டார்கள் என்று எத்தனை வருடம் வயிறு எரிந்திருக்கிறோம்.

துருவைத் தேய்த்து எண்ணெய் தடவிக் கல்லை வைத்தேன். கொஞ்ச நேரம் ஓடிவிட்டு அடுப்பு மறுபடி நின்றது. குனிந்து பார்த்தால், அம்மா வழக்கம்போல மேடையில் பேப்பர் விரித்து அதன்மேல் அடுப்பை வைத்திருக்கிறாள். அடியில் இருக்கும் விசிறி காற்றை உறிஞ்சும்போது பேப்பரையும் உறிஞ்சி மூடிக்கொண்டிருக்கிறது. பூப்போட்ட உறை ஒன்றும் தைத்துப் பக்கத்தில் தயாராக வைத்திருந்தாள், டிவிக்குப் போடுவதுபோல.

"அம்மா, இதுக்கு அடியில ஒண்ணும் விரிக்காத. ஓடும்போது மேல ஒண்ணும் மூடாத. மூச்சு முட்டி நின்னுடும்."

"வெறும் மேடைல வெச்சா அழுக்காயிடாதா?"

"ஆனா தொடச்சிக்கலாம். மேலே கரண்டி, கத்தி எதுவும் வெக்காத, அதுவும் சுடும். காலிக் கல்ல வெச்சிட்டு வாசலுக்குப் பூடாத, ரெண்டு நிமிசத்துல கல்லு பழுத்துடும். கண்ணாடியில கீறல் வுட்டா அதோட உடு, தொடாத, தண்ணி எறங்கி ஷாக் அடிக்கும். நெஞ்சுல மிஷின் வெச்சவங்க வந்தா, டாக்டரக் கேக்காம கிட்ட உடாத."

"நம்ம தெருவுல யாருக்குடா நெஞ்சுல மிஷின் கீது? சொல்லிகினே போறான்."

அக்கா வாசற்படியிலிருந்து ஓர் அடி உள்ளே வந்திருந்தாள். நான் கல்லைத் தூக்கிவிட்டு, இன்னும் சூடேறாத கண்ணாடியின் ஓரத்தில் உள்ளங்கையை வைத்துப் பொத்தானை அழுத்தினேன். அடுப்பு கத்திவிட்டு நின்றது. "டேய், டேய்" என்று அவள் ஓடிவந்து என் கையை இழுத்தாள். தழும்பேறிய அவள் விரல்கள் என் கையை விடவில்லை.

"ஒண்ணும் ஆவலக்கா. பாத்திரம் இல்லாட்டி இது ஓடாது. கல்லு சுட்ட பிறகு மட்டும் கை வெக்காத, கல்லோட சூடு கண்ணாடிக்கு எறங்கியிருக்கும்."

அவள் என் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு மாவுச் சட்டியைத் தானே எடுத்தாள். கல்லை வைத்தாள். நான் சொல்லாமலே பொத்தானைத் தொட்டாள். கல் சத்தமில்லாமல் காய்ந்தது. அவள் தண்ணீர் தெளித்துப் பார்த்தாள், சுர்ரென்றது. குனிந்து கல்லுக்கு அடியில் நெருப்பு இருக்கிறதா என்று தேடினாள். இல்லை. மாவை ஊற்றி வட்டமாக இழுத்தாள். அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். வாய் சும்மா இருக்கவில்லை.

"இதுல கிருஷ்ணாயில் கெடையாது, பம்ப் கெடையாது. இது வெடிக்கவே வெடிக்காதுக்கா."

அக்கா தோசையின் ஓரத்தைக் கரண்டியால் நெம்பினாள்.

"அதுவும் வெடிக்கலடா" என்றாள்.

"இப்ப இன்னாத்துக்குடி அந்தப் பேச்சு?" என்றாள் அம்மா.

"இன்னாத்துக்குன்னா? இத்தினி வருசம் பேசாத இருந்தேனே, பத்தாதா?" அக்கா தோசையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அவன் ஆத்தாக்காரி கிருஷ்ணாயில ஊத்துனா. அவன் கதவாண்ட நின்னுகினு இருந்தான். ஸ்டவ்வு அதும்பாட்டுக்கு மேடைல இருந்துச்சி."

"போலீஸ் வந்தப்போ சொல்லியிருக்கலாமேக்கா" என்றேன். என் குரலே எனக்குப் பிடிக்கவில்லை.

"சொல்லத்தான் இருந்தேன். அதுக்கு முன்ன நைனா வந்தாரு. கேஸுன்னு ஆயிட்டா தம்பிக்குப் பாஸ்போர்ட்டு வராதும்மா, அவன் பொழப்பு பூடும், ஸ்டவ்வு வெட்சிடுச்சின்னு சொல்லிடுன்னாரு. கையப் புடிச்சிக்கலாம்னு பாத்தாரு, கைதான் ரெண்டும் கட்டுல கெடக்குதே. கால புடிச்சிகினு அழுதாரு."

அம்மா சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுக்கும் தெரிந்திருக்கிறது. அந்த வீட்டில் தெரியாதவன் நான் ஒருவன்தான்.

அக்கா தோசையைத் தட்டில் போட்டு என் பக்கம் தள்ளினாள். "ஆறிடப் போவுது, துன்னு" என்றாள். தின்றேன். அவள் அடுத்ததை ஊற்றினாள்.

6

இப்போது அக்கா தினமும் அந்தக் கல்லில் தோசை ஊற்றுகிறாளாம். காந்தம் ஒட்டுகிற குண்டான் இரண்டு அனுப்பினேன், சோறும் பொங்குகிறாளாம். சாயங்காலம் வோல்டேஜ் இறங்கினால் அடுப்பு நின்றுவிடும், அதனால் வெயில் இருக்கும்போதே ஆக்கி வைத்துவிடுகிறாள் என்று அம்மா சொன்னாள். அம்மாவின் கவலை தீர்ந்தது. பூந்தமல்லிக்காரன் பேரன் பேத்தி எடுக்கும் வரை நன்றாகத்தான் இருப்பான். அவனை எந்தப் போலீஸும் எதுவும் கேட்கப் போவதில்லை.

என் பாஸ்போர்ட் பீரோவின் மேல்தட்டில் இருக்கிறது. புதிதும் பழையதும் சேர்த்துக் கட்டியிருக்கிறேன். அடியில் இருப்பதுதான் முதல் பாஸ்போர்ட், நைனா கான்ஸ்டபிளுக்கு டீ கொடுத்து வாங்கியது என்று இத்தனை காலம் நான் நினைத்துக்கொண்டிருந்தது. வேலை, வீடு, மகள் படிக்கும் பள்ளிக்கூடம், பொங்கினால் அணைகிற இந்த அடுப்பு எல்லாம் அதைக் காட்டி வாங்கியதுதான். நேற்று அந்த அலுவலகத்து அம்மாள் மறுபடி போன் செய்தார். "ஹேர் ரங்கன், உங்கள் பழைய பாஸ்போர்ட்டில் அப்படி என்னதான் இருக்கிறது?" என்று கொஞ்சம் எரிச்சலோடு கேட்டார். எனக்குத் தெரிந்த ஜெர்மனில் அதைச் சொல்ல வழியில்லை. அது என் அக்கா வாங்கிக் கொடுத்தது. அவளைக் கேட்காமல் அதை எந்தக் கவுண்டரில் கொண்டுபோய்த் திருப்பிக் கொடுப்பேன்?